நீலகிரித் தைலம்: செய்வதும் செய்யாததும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

கவிதைக்கும் காப்பியத்துக்கும் உரிய இம்மேடையில் ஒரு தைலப் புட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாம் புலவரும் அல்லோம்; மருத்துவரும் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்திற் பேரேடுகளோடு பொழுதைக் கழிக்கும் எழுத்தர். ஆயினும் கணக்கெழுதுவோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று இரு பக்கமும் பாராமல் அவர்கள் எதனையும் நம்புவதில்லை. நம் இல்லந்தோறும் அலமாரியில் வீற்றிருக்கும் நீலகிரித் தைலத்துக்கும் அவ்வாறு ஒரு கணக்கு எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அறிவியல் நூல்களைப் படித்துத் தெரிந்தவற்றை நமக்குப் புரிந்த தமிழில் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். இந்நகரில் நம்மோடு வாழும் மராட்டியரும், குஜராத்தியரும், இந்தி பேசுவோரும் இந்த மரத்தையே 'நீலகிரி' என்று அழைக்கின்றனர். மருந்துக் கடையில் 'நீலகிரி தேல்' என்று ஒருவர் கேட்கும்போது, நம் மலையின் பெயர் அயல்மொழியாளர் நாவில் உலவுவது கண்டு நமக்கு ஒரு பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆனால் உண்மை என்னவெனில், அம்மரம் நம் மலையிற் பிறந்ததன்று. அதன் தாயகம் ஆஸ்திரேலியா. நீலகிரியில் மிகுதியாக வளரும் 'குளோபுலஸ்' என்னும் வகை, அந்நாட்டின் தென்கோடியில் உள்ள டாஸ்மேனியாத் தீவிலும் அதனை ஒட்டிய விக்டோரியாப் பகுதியிலும் இயற்கையாக வளர்வது. யூகலிப்டஸ் என்ற பெயரை 1788ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தாவர அறிஞர் லெரித்தியே சூட்டினார். மலருமுன் அதன் மொட்டு ஒரு மூடியால் மூடப்பட்டிருப்பதால், 'நன்கு மூடப்பெற்றது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அப்பெயரை அமைத்தார்.

காட்டன் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் 1843இல் உதகையில் இம்மரத்தை நட்டார். 1856 முதல் அது தோட்டம் தோட்டமாகப் பயிராயிற்று. தைலத்துக்காக அன்று, விறகுக்காக! மலைக்கு வந்து குடியேறிய வெள்ளையரின் குளிர்காய் அடுப்புகளுக்குச் சோலைக் காடுகள் இரையாகி அழிந்து வந்தன. விரைந்து வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது. வந்த மரம் வேரூன்றிப் பரந்து, தான் பிழைக்க வந்த மலையின் பெயரையே தன் பெயராகப் பெற்றுவிட்டது. நீலகிரி மக்கள் அதனைக் கற்பூர மரம் என்பர். சமவெளியினர் தைல மரம் என்பர். நெல்லையினின்றும் பாலக்காட்டினின்றும் வந்து 'மாதுங்காக்காரர்' என்றும் 'தாராவிக்காரர்' என்றும் பெயர் பெற்றுவிட்ட நமக்கு இம்மரத்தின்பால் ஓர் உறவு தோன்றுவதில் வியப்பில்லை அன்றோ?

இனித் தைலம் பிறக்கும் விதத்தைக் காண்போம். இம்மரத்தின் இலையைக் கதிரவனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஊசியாற் குத்தியது போன்ற நுண்ணிய புள்ளிகள் ஒளிவிடும். அவையே எண்ணெய்ப் பைகள். நீலகிரியில் எளிய மக்கள் இலைகளைத் திரட்டி வந்து, பெரிய கலத்தில் நீருடன் இட்டு, அடியில் தீ மூட்டுவர். எழும் ஆவி குழாய் வழியே சென்று, குளிர்ந்த நீரில் அமிழ்ந்த சுருளிற் புகுந்து மீண்டும் நீர்மமாகிறது. தைலம் நீரினும் இலேசானதாதலின் மேலே மிதக்கும், அதனை வடித்தெடுப்பர். நூறு கிலோ இலையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தைலமே கிடைக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தைலத்தின் முதன்மைப் பொருள் கொதிப்பதற்கு ஏறக்குறைய 176 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் நீரோ 100 பாகையிற் கொதிக்கிறது. அவ்வாறிருக்க, நீராவியோடு தைலம் எவ்வாறு ஏறி வருகிறது? ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்கள் ஒரே கலத்தில் இருந்தால், இரண்டின் ஆவியழுத்தமும் ஒன்றாகக் கூடுகின்றன. கூடிய அழுத்தம் வளியழுத்தத்தை எட்டியவுடன் கலவை கொதிக்கத் தொடங்குகிறது. ஆகவே 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து புறப்பட்டுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் 1850களின் தொடக்கத்தில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளர் இம்முறையைக் கொண்டே யூகலிப்டஸ் தைலத்தை ஒரு வாணிபப் பொருளாக்கினார்.

இவ்வாறு வடித்த தைலம் தனி ஒரு பொருளன்று. பல பொருள்களின் கூட்டு. அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது சினியோல். அதனை யூகலிப்டால் என்றும் கூறுவர். அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் பத்துக் கார்பன் அணுக்களும், பதினெட்டு ஹைட்ரஜன் அணுக்களும், ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. ஐரோப்பிய மருந்து நூல், மருந்துக்குரிய யூகலிப்டஸ் தைலத்தில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமற் சினியோல் இருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. எஞ்சிய பங்கில் ஆல்ஃபா பைனீன், லிமோனீன், டெர்ப்பினியோல் முதலிய பல பொருள்கள் உள்ளன. பைனீன் என்பது வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் டர்ப்பன்டைனிலும் உள்ளது; லிமோனீன் ஆரஞ்சுப் பழத் தோலின் மணத்துக்குக் காரணம். இத்தகைய மணப்பொருள்களின் அமைப்பை ஆராய்ந்து தெளிவாக்கிய ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வாலக், 1910இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

சினியோல் நமக்கு அந்நியமான பொருளும் அன்று. நம் பாயசத்தில் இடும் ஏலக்காயிலும், இருமலுக்கு நம் பாட்டிமார் வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன சித்தரத்தையிலும் அதுவே உள்ளது. யூகலிப்டஸைக் கண்டறியாத காலத்திலேயே நம் முன்னோர் சினியோலை அறிந்திருந்தனர்; பெயர்தான் அறிந்திலர்.

எல்லா யூகலிப்டஸ் தைலமும் ஒன்றன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எலுமிச்சை மணம் வீசும் ஒரு வகை உண்டு. அதில் சினியோல் மிகக் குறைவு. சிட்ரோனெல்லால் என்ற பொருளே மிகுதி. அவ்வகையினின்று உருவாக்கிய கொசு விரட்டியை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2005இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. ஆனால் அது பதப்படுத்தி, குறித்த பொருள் ஒன்றைச் செறிவாக்கிய மருந்து. நம் அலமாரியில் உள்ள நீலகிரித் தைலத்தை உடம்பிற் பூசிக்கொண்டு கொசுவை வென்றுவிட்டதாக எண்ணுதல் தவறு. ஒரு புட்டியில் எந்தப் பொருள் எவ்வளவு உள்ளது என்பதை மணத்தைக் கொண்டு அறிய இயலாது. கருவி கொண்டே அறிய வேண்டும். அத்தகைய ஆய்வைக் கற்பிக்கும் பெருங்கூடம் ஒன்று நம் மாதுங்காவிலேயே இருக்கிறது. 1933இற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தோன்றி, இன்று இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கும் கல்லூரியே அது. நம் பிள்ளைகள் அதன் மதிலை ஒட்டி நடந்து போவதோடு நில்லாமல், உள்ளே சென்று படிக்கவும் வேண்டும் என்பது நம் ஆசை.

இனி வரவுப் பக்கத்தைத் திறப்போம். நீலகிரித் தைலம் கிருமிகளைக் கொல்லுமா? கொல்லும். இதில் ஐயமில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் கூழ் போன்ற உணவைப் பரப்பி, அதிற் கிருமியை விதைத்து, நடுவே தைலம் தோய்த்த சிறு காகித வில்லையை வைப்பர். மறுநாட் பார்த்தால் தட்டெங்கும் கிருமி முளைத்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் ஒன்று தெளிவாகத் தெரியும். அவ்வட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, தைலத்தின் வலிமையை மதிப்பிடுவர்.

அது எவ்வாறு கொல்கிறது? ஒவ்வொரு கிருமியும் தன்னைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. தைலமோ நீரை வெறுத்துக் கொழுப்பை நாடும் இயல்பினது. ஆகவே அச்சவ்வினுட் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது, உள்ளிருக்கும் உப்புகள் ஒழுகி வெளியேறுகின்றன, கிருமி மடிகிறது. எனினும் எல்லாக் கிருமிகளும் ஒரே வகையின அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்ற மருத்துவர் 1884இல் கண்ட சாயமேற்றும் முறையால், பாக்டீரியாக்களை இரு பெரும் பிரிவாகப் பிரிப்பர். புண்ணிற் சீழ் வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற ஒரு பிரிவு தைலத்துக்கு எளிதில் வசப்படும். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற மறு பிரிவுக்கு மேலும் ஒரு புறச்சவ்வு உண்டு. அது கோட்டைக்கு வெளியே அமைந்த இரண்டாம் மதிலைப் போன்றது. அவற்றிற் பல தைலத்தைத் தாக்குப்பிடிக்கும். சூடோமோனாஸ் என்னும் கிருமியோ இதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதே இல்லை. நம் அடுக்களையில் உள்ள ஓமத்தின் தைமாலும், கிராம்பின் யூஜினாலும் கிருமி கொல்வதிற் சினியோலினும் வலியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது செலவுப் பக்கத்துக்கு வருவோம். தட்டிற் கொல்லும் தைலம் உடம்பினுட் சென்றும் கொல்லுமா? இக்கேள்விக்கு ஒரு சிறு கணக்கே விடையளிக்கும். கிருமியை அடக்க, அதனைச் சுற்றியுள்ள நீர்மத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு தைலம் இருந்தாற் போதும் என்றே வைத்துக்கொள்வோம். பல கிருமிகளுக்கு இதனினும் மிகுதி வேண்டும். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் நூற்றுக்கு அரைப் பங்கு என்றால் 25 மில்லி லிட்டர். அதாவது ஐந்து தேக்கரண்டி. இது இரத்தத்துக்கு மட்டும். சதைக்கும் நுரையீரலுக்கும் தனியே கணக்கெழுத வேண்டும். ஆனால் ஒரே ஒரு தேக்கரண்டித் தைலம் உள்ளே சென்றாற் குழந்தைக்குக் கடும் நஞ்சாகும். அவ்வளவே உட்கொண்டு பெரியவர்களும் மாண்ட செய்திகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. ஆகவே கிருமியைக் கொல்லும் அளவை எட்டுவதற்கு நெடுந்தொலைவு முன்னரே தைலம் மனிதனைக் கொன்றுவிடும். பெனிசிலின் போன்ற மருந்துகள் இதனினும் பல்லாயிரம் மடங்கு குறைந்த அளவில் வேலை செய்வதால் அன்றோ அவற்றை உட்கொள்ளும் மருந்தாகக் கொள்கிறோம்! இந்த ஒரு கணக்கை நம் இல்லத்தரசிகள் நினைவில் வைத்துக்கொண்டாற் போதும். இன்றைய பேச்சின் பயன் கிட்டிவிட்டது என்று மகிழ்வோம்.

"அப்படியானால் தைலத்தை முகர்ந்தவுடன் மூக்கடைப்பு நீங்குகிறதே, அது பொய்யா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1983இல் பிரிட்டனில் உள்ள கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் ஆகியவற்றின் ஆவியைச் சிலரை முகரச் செய்து, மூக்கினுட் காற்று ஓடும் தடையைக் கருவியால் அளந்தனர். முகர்ந்தவர்களிற் பலர் மூச்சு எளிதாக ஓடுவதாக உணர்ந்தனர். கருவியோ தடை குறையவே இல்லை என்று காட்டியது. இப்பொருள்கள் மூக்கினுட் குளிர்ச்சியை அறியும் நரம்புகளைத் தூண்டுகின்றன. குளிர்ந்த காற்றுப் புகுந்ததாக மூளை எண்ணிக்கொள்கிறது. எம் தொழிலின் மொழியிற் சொல்வதானால், கைகாட்டி இறங்கிவிட்டது. ஆனால் பாதையை அடைத்து நிற்கும் வண்டி இன்னும் நகரவில்லை. கைகாட்டியை மட்டும் நம்பி வண்டியை ஓட்டினால் என்ன நேரும் என்பதை இரயில்வேக் குடும்பத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இதனால் தைலம் பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உறக்கமின்றித் தவிக்கும் ஒருவர்க்கு, மூச்சு எளிதாயிற்று என்னும் உணர்வே ஒரு பேறு. உழைத்துக் களைத்த தசைக்குத் தேய்க்கும்போது உண்டாகும் இதமும் மெய்யே. மேலும், தூய சினியோலுக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்டு. 2003இல் ஜெர்மானிய மருத்துவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி வாழ்ந்த 32 ஆஸ்துமா நோயாளரை ஆராய்ந்தனர். சினியோல் அடைத்த சிறு உறைகளை உட்கொண்டவர்களுக்கு அம்மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது என்று கண்டனர். ஆனால் அங்கே பொருள் தூயது. அளவு மில்லிகிராமிற் குறித்தது. மருத்துவர் அருகில் இருந்தார். புட்டியைக் கவிழ்த்துச் சர்க்கரையிற் சொட்டு விட்டு உண்பதற்கு அவ்வாய்வு சான்றாகாது.

மணத்தை மருந்தென்று மயங்குவது நம் குடும்பங்களில் மட்டும் நேர்ந்த மயக்கமன்று. உலகமே ஒரு காலத்தில் அவ்வாறு மயங்கியது. கெட்ட காற்றாலேயே மலேரியாக் காய்ச்சல் வருகிறது என்று ஐரோப்பியர் நம்பினர். மலேரியா என்ற சொல்லின் பொருளே 'கெட்ட காற்று' என்பதுதான். 1868இல் உரோமாபுரிக்கு அருகே மூன்று ஊற்றுகள் என்னும் மடத்தில் குடியேறிய துறவிகள், காய்ச்சலை ஓட்ட யூகலிப்டஸ் மரங்களை நட்டனர். மரத்தின் மணம் நஞ்சுக் காற்றைத் தூய்மையாக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர் 1897இல் நம் நாட்டுச் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். குற்றவாளி காற்றன்று, கொசுவே என்பது தெளிவாயிற்று. மரத்தால் நன்மை ஏதேனும் விளைந்திருந்தால், அது சதுப்பு நீரை உறிஞ்சியதால் விளைந்திருக்குமே அன்றி, மணத்தால் விளைந்ததன்று.

நாம் வாழும் இம்மாநகரிலும் அதே கதை நிகழ்ந்தது. 1896இல் பம்பாயிற் கொள்ளைநோய் புகுந்தது. நெருக்கமும், இருளும், துர்நாற்றமுமே அதன் காரணம் என்று பலர் கருதினர். தெருவெங்கும் கார்பாலிக் நீர் தெளிக்கப்பட்டது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. அது பின்னர் வகுத்த திட்டங்களின்படியே தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகள் அகன்ற சாலைகளோடும் சோலைகளோடும் எழுந்தன. தென்னாட்டார் மாதுங்காவிற் குடியேறுவதற்கு வழி பிறந்த வரலாறு இதுவே. ஆனால் கொள்ளைநோயைப் பரப்பியது நாற்றமன்று. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி என்று 1898இல் சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நிறுவினார். அதற்கு முன்பே, 1897 சனவரியில், ஹாஃப்கின் என்ற அறிஞர் தாம் கண்ட தடுப்பூசியை இந்நகரில் தமக்கே முதலிற் போட்டுக்கொண்டார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் முதல் நாளன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளர் கண்டறியப்பட்டபோது நாம் அனைவரும் நடுங்கினோம். அந்நாட்களிலும் அதற்கடுத்த ஆண்டிலும் தைலத்தின் புகழ் மீண்டும் ஓங்கியது. கற்பூரமும் ஓமமும் தைலமும் முடிந்த சிறு துணிப்பைகளைப் பலர் கையில் வைத்து முகர்ந்தனர். 2021 மே மாதத்தில் தமிழகத்திற் பொது இடங்களிலேயே கூட்டமாக ஆவி பிடிக்கலாயினர். அவ்வாறு செய்தலைத் தவிர்க்க வேண்டும் என்று மாநில அமைச்சரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. தாராவியைக் காத்தது எது? வீடு வீடாகச் சென்று காய்ச்சலைக் கண்டறிந்ததும், நோயுற்றோரைப் பிரித்து வைத்ததும், பொதுக் கழிப்பிடங்களைத் தூய்மை செய்ததும், ஐயத்துக்குரியோரைச் சோதித்ததுமே காத்தன. 2020 சூலை 10ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அப்பாராட்டு தைலப் புட்டிக்கு உரியதன்று. வாசற்படி தோறும் ஏறி இறங்கிய மருத்துவர்க்கும், செவிலியர்க்கும், நகராட்சிப் பணியாளர்க்கும், ஒத்துழைத்த மக்களுக்கும் உரியது.

அன்பர்களே! இவ்வளவும் நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருமல். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் உறங்கும் இல்லங்கள் நம்மவரிடையே இன்றும் பல. அங்கே ஒருவர் இருமினால், மார்பிலே தைலம் தேய்க்கிறோம். இருமல் சற்று அடங்கியது போலத் தோன்றுகிறது, வேலைக்குப் போகிறார். மறுவாரமும் தைலம், அதற்கு மறுவாரமும் தைலம். இதற்கிடையே அது காசநோயாக இருந்தால், அவ்வறையில் உறங்கும் ஏனைய ஐவர் மூச்சிலும் அக்கிருமி குடிபுகுந்து விடுகிறது. தைலம் ஒருவர்க்கு அளித்த இதத்துக்கு வீடு முழுவதும் விலை கொடுக்கிறது. தைலத்தால் விளையும் பெருந்தீங்கு அதன் நஞ்சினும், அது நம்மைக் காலந்தாழ்த்தச் செய்வதே என்று கருதுகிறோம்.

காலந்தாழ்த்துவதும், மருந்தை நடுவில் விடுவதும் எத்துணைக் கொடியன என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே உண்டு. 2011ஆம் ஆண்டின் இறுதியில், மாஹிமில் உள்ள ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், சோதித்துப் பார்த்த மருந்துகள் எவற்றுக்கும் அடங்காத காசநோயாளர் நால்வரைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினர். உலகமே திரும்பிப் பார்த்தது. முறையற்ற மருத்துவமும் அரைகுறையாக உண்ட மருந்தும் வளர்த்துவிட்ட கிருமி அது. ஆனால் அஞ்சி ஒடுங்க வேண்டுவதில்லை. சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தாற் குணமாகும். மருந்துக்கு அடங்காத வகைக்கும் ஆறு மாதத்தில் முடியும் புதிய மருந்து முறை ஒன்றை 2024இல் நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. அரசு, நகராட்சி மருத்துவ நிலையங்களிற் சோதனையும் மருந்தும் இலவசம். நோயாளரின் ஊட்ட உணவுக்காக அரசு தரும் மாதத் தொகையும் 2024 நவம்பர் முதல் ஆயிரம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைதோறும் காய்ச்சல் கண்டாலோ, உடல் மெலிந்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, சயான் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள நகராட்சி மருந்தகத்துக்கோ சென்று சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அயலார் என்ன நினைப்பரோ என்ற கூச்சத்தைத் தாராவிக் கழிமுகத்தில் எறிந்துவிடுங்கள்.

தாய்மார்களுக்குச் சில சொற்கள். தைலத்தை யாரும் குடிக்கக் கூடாது. குழந்தைக்குச் சர்க்கரையில் விட்டுக் கொடுக்கவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மார்பிலோ மூக்கருகிலோ தடவக் கூடாது. பிஞ்சு மூச்சுக்குழல் இறுகி மூச்சுத் திணறல் உண்டாகலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் இதனை முகர்தலும் நன்றன்று. முகர்ந்த அளவிலேயே வலிப்புக் கண்டவர்களைப் பற்றிப் பெங்களூர் மருத்துவர்கள் 2017இல் எழுதியிருக்கின்றனர். இருமல் மருந்துப் புட்டியும் தைலப் புட்டியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆகவே தைலத்தைத் தனியே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அடுப்பருகில் வைக்கக் கூடாது. ஏறக்குறைய 50 பாகை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும். ஆவி பிடிக்கக் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்துக் குழந்தையை அதன் முன் உட்கார வைக்காதீர்கள். தைலத்தினும் கொதிநீரே கொடியது. தவறிக் குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால், வாந்தியெடுக்கச் செய்யாமல், புட்டியையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மயக்கமும் வலிப்பும் அரை மணி நேரத்துக்குள்ளேயே தோன்றக்கூடும்.

வீட்டைத் துடைக்கும் நீரில் சில துளி தைலம் விடுவதால் நறுமணம் உண்டு. கிருமி ஒழிந்தது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். தைலம் நீரிற் கரையாது. கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர் இடுவதும் அதனினும் மலிவு. அதனினும் பயன் மிகுதி.

பெரியோர்களே! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முதுமொழி. தைலம் அமிர்தமுமன்று, அளவோடு இருந்தால் நஞ்சுமன்று. ஒரு நல்ல பணியாள். வீட்டுத் தலைவனாக்கிவிடத்தான் கூடாது. வலிக்கும் முழங்காலுக்கும், சளி பிடித்த பெரியவரின் இரவுக்கும் அது துணை நிற்கட்டும். நோய்க்கு மருத்துவரே துணை. இச்சங்கத்தின் இளைஞர்கள் ஓய்வு நாட்களில், நம் குடியிருப்புகளில் நீடித்த இருமலோடு வாழும் முதியோர்களையும் தொழிலாளர்களையும் கண்டு, கைப்பிடித்துச் சோதனைக்கு அழைத்துச் சென்றார்களானால், ஆண்டு விழாவில் அதனினும் சிறந்த ஓர் அறிக்கையை நம் செயலாளர் படிக்க இயலாது.